பழைய மில்லிங் மெஷினில் எஃப்.எஸ்.டபிள்யூ.: அலுமினியத் தகடுகளை உருக்காமல் இணைக்க முழுமையான வழிகாட்டி

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் ஜாப் ஆர்டர் பட்டறைகளுக்குள் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஓடும் வி.எம்.சி. மெஷின் வந்த பிறகு ஓரங்கட்டப்பட்ட ஒரு வெர்டிக்கல் மில்லிங் மெஷின் எங்காவது நிற்கும். கீ-வே போடவும், ஃபேஸிங் எடுக்கவும் எப்போதாவது ஓடும். அந்த மெஷின் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. 3 முதல் 6 மி.மீ. தடிமன் வரையுள்ள அலுமினியத் தகடுகளை ஃபில்லர் ராடு இல்லாமல், ஆர்கான் இல்லாமல், உருக்காமல் இணைக்கும் ஃப்ரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங்கை, சுருக்கமாக எஃப்.எஸ்.டபிள்யூ.வை, அதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

பெயரில் வெல்டிங் இருக்கிறதே என்று வெல்டரைக் கூப்பிடாதீர்கள். மில்லிங் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். ஆர்க் நீளம், டார்ச் பிடிக்கும் கோணம், கைப்பக்குவம் எதற்கும் இங்கே வேலை இல்லை. விளிம்பு எவ்வளவு நேர், கிளாம்ப் எவ்வளவு இறுக்கம், டூல் முனையில் இருக்கும் பின் (pin) எவ்வளவு நீளம் என்பதிலேயே ஜாயின்ட் தேறுமா தேறாதா என்பது முக்கால்வாசி முடிவாகிவிடும். ஸ்பிண்டில் சுற்றுவது அதற்கப்புறம்தான். அதனால் இங்கேயும் ஓட்டுவதைவிட அதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

கடினமான எஃகில் செய்த, முனையில் ஒரு சிறு பின் நீட்டிக்கொண்டிருக்கும் டூல். பின்னுக்கு மேலே அகலமான தோள்பட்டை. பட்டறைகளில் ஷோல்டர் என்பார்கள். அருகருகே முட்டி இறுக்கிய இரண்டு தகடுகளின் சேர்க்கைக் கோட்டில் இந்த டூல் சுழன்றபடி இறங்குகிறது. ஷோல்டர் மேற்பரப்பில் தேய்வதால் வெப்பம் உண்டாகி உலோகம் இளகுகிறது. இளகியதைப் பின் இரண்டு பக்கமும் கலந்து பின்னால் தள்ளுகிறது. ஷோல்டர் மேலிருந்து அழுத்தி மூடுகிறது. ராகிக் களியைத் துடுப்பு போட்டுக் கிண்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: மாவு எங்கும் தண்ணீராக ஓடுவதில்லை, ஆனால் கட்டி இல்லாமல் ஒன்றாகிவிடும்.

6061 அலுமினியம் உருகத் தொடங்குவது சுமார் 582 டிகிரி செல்சியஸில். எஃப்.எஸ்.டபிள்யூ. நடப்பது ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரியில். உருகாததால், ஆர்க் சூட்டில் ஆர்கான் மூடாக்கில் உருக்கி இணைக்கும் டிக் வெல்டிங்கில் அலுமினியம் தரும் தலைவலிகளில் பாதி இங்கே கிடையாது. தகட்டின் மேல் இருக்கும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும், அடியில் இருக்கும் அலுமினியமோ 660 டிகிரிக்குள் உருகிவிடும். டிக்கில் அந்தப் படலத்தை உடைக்க ஏ.சி. கரன்ட் வேண்டியிருப்பது இதனால்தான். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சி, இறுகும்போது குமிழாக விட்டுவிடும். 2024, 7075 போன்ற விமான ரகங்கள் உருகி இறுகும்போது விரிசல் விட்டுவிடும் என்பதால் அவற்றை வெல்டிங்குக்கே ஆகாதவை என்று ஒதுக்கியிருந்தார்கள். எஃப்.எஸ்.டபிள்யூ. அவற்றையும் இணைக்கும்.

1991 டிசம்பரில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டி.டபிள்யூ.ஐ. என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் வேய்ன் தாமஸும் அவருடைய சகாக்களும் இதைக் கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த அடிப்படைக் காப்புரிமையின் காலம் முடிந்துவிட்டது. ஸ்காண்டிநேவியாவில் மீன்பிடிக் கப்பல்களுக்கான உறைகுளிர்ப் பலகைகளில் தொடங்கி, டெல்டா ராக்கெட்டின் எரிபொருள் தொட்டி, விண்வெளி ஓடத்தின் வெளித்தொட்டி, ஜப்பானில் ஹிட்டாச்சி கட்டும் ரயில் பெட்டிகள் என்று பரவியது. ஹிட்டாச்சி செய்வது உள்ளீடற்ற அலுமினிய எக்ஸ்ட்ரூஷன்களைப் பக்கம் பக்கமாக வைத்து நீளவாக்கில் இணைப்பதுதான். கரூரில் பஸ் பாடி கட்டுபவர்கள் தரைப் பலகைக்கு இதை யோசிக்கலாம் என்பது என் கணிப்பு. நீளமான, நேரான, தட்டையான கோடுதான் இந்த முறைக்குப் பிடித்த வேலை.

எது ஏற்ற வேலை, எது வேண்டாம்

மின்வண்டி பேட்டரிப் பெட்டியின் அடித்தட்டு, தண்ணீர் ஓடும் கூலிங் பிளேட்டின் மூடி, அகலமான ஹீட் சிங்க், மோட்டார் ஹவுசிங்கின் வாட்டர் ஜாக்கெட் மூடி இதற்கென்றே பிறந்த வேலைகள். டை காஸ்டிங்குக்கு இது பெரிய வரம். காஸ்டிங்குக்குள் அடைபட்ட காற்று டிக் ஆர்க் பட்டதும் கொப்புளமாக வெடிக்கும்; இங்கே உருகாததால் அந்தச் சிக்கல் மிகக் குறைவு.

வெடித்த சிலிண்டர் ஹெட், சைட்டில் போய்ச் செய்யும் ரிப்பேர், வளைந்த பைப், ஒன்றிரண்டு பீஸ் மட்டும் வேண்டும் என்ற ஆர்டர் வந்தால் டிக்கே நல்லது. டூல், ஃபிக்ஸ்ச்சர் செய்கிற செலவுக்குக் கட்டாது.

படி 1: தகட்டைத் தேர்ந்தெடுப்பது

கடையில் அலுமினியம் என்று கேட்டால் கிடைப்பது எதுவோ அதை வாங்கி வராதீர்கள். ரகம் தெரிய வேண்டும். நம் பக்கம் ஹெச்.ஈ.30 என்று சொல்வது 64430 ரகம், 6082க்கும் 6351க்கும் இணை. ஹெச்.ஈ.9 என்பது 6063, ஜன்னல் செக்ஷன் வகையறா. ஹெச்.ஈ.20 என்பது 6061. இந்த 6000 வரிசை மூன்றும் எஃப்.எஸ்.டபிள்யூ.வுக்கு மிகச் சாது. கற்றுக்கொள்ள 5 மி.மீ. 6061 அல்லது ஹெச்.ஈ.30 வாங்குங்கள், மில் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டுடன்.

5052, 5083 கொஞ்சம் முரடு. மெதுவாக ஓட்ட வேண்டும், அதிக அழுத்தம் கேட்கும். 7075ஐக் கை பழகும்வரை தொடாதீர்கள். டைட்டானியத்துக்கு டங்ஸ்டன்-ரீனியம் போன்ற டூலும் ஆர்கான் மூடாக்கும் வேண்டும் என்பதால் அது இந்த மெஷின் வேலையே அல்ல.

படி 2: மெஷின் தாங்குமா என்று பார்ப்பது

5 மி.மீ. அலுமினியத்துக்கு டூல் கீழ்நோக்கி அழுத்தும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டலாம். அதாவது அரை டன் எடை ஸ்பிண்டிலின் மேல் உட்கார்ந்திருப்பது போல. மில்லிங் கட்டர் பக்கவாட்டில் தள்ளும். இது நேர் மேலே தள்ளும். டேபிளைத் தாங்கும் 'நீ' (knee) சற்றே இறங்கிக் கொடுக்கும், ஹெட் சற்றே மேலே எழும். இரண்டும் சேர்ந்து 0.2 மி.மீ. விட்டுக்கொடுத்தாலே போதும், ஷோல்டர் தகட்டைத் தொடாமல் சும்மா சுற்றும்.

அதனால் எச்.எம்.டி. எஃப்.என்.2வி போன்ற கனமான வெர்டிக்கல் மெஷின் உத்தமம். குயில் (ஸ்பிண்டிலோடு மேலும் கீழும் நகரும் உறை) இறங்கும் டரட் மில்லில் 2, 3 மி.மீ. தகட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குயிலை முழுவதும் உள்ளே இழுத்து லாக் செய்துவிட்டு, டேபிளை ஏற்றித்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும்.

மோட்டார் ஐந்து குதிரைத்திறன் இருந்தால் போதும். 1,000 ஆர்.பி.எம்.மில் 20 முதல் 30 நியூட்டன்-மீட்டர் டார்க் (முறுக்குவிசை) என்று வைத்தால், தேவை 2 முதல் 3 கிலோவாட்தான்.

"வி.எம்.சி.யிலேயே போட்டுடலாமுங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் நான் போட மாட்டேன். அதன் ஸ்பிண்டில் பேரிங் வேகத்துக்காகச் செய்தது, இப்படி விடாமல் மேலே தள்ளும் சுமைக்கு அல்ல. பேரிங் போனால் ஆகும் செலவில் இன்னொரு பழைய மில்லிங் மெஷினே வாங்கலாம். அதோடு சாதாரண மூன்று அச்சு வி.எம்.சி.யில் ஹெட்டைச் சாய்க்க முடியாது.

படி 3: டூல் செய்வது

இந்த முறையின் பாதி ரகசியம் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

உலோகம்: ஹெச்13, அதாவது ஹாட் டை ஸ்டீல். அலுமினியம் டை காஸ்டிங் டைகள் செய்வதும் இதில்தான் என்பதால் கோவையில் டை அடிக்கும் பட்டறைகளில் துண்டுகள் எளிதாகக் கிடைக்கும். எண்ணெயில் கடினமாக்கும் டூல் ஸ்டீலான ஓ.எச்.என்.எஸ்.ஸில் செய்யலாமே என்று தோன்றும். அது 200 டிகிரியைத் தாண்டினாலே கடினத்தை இழக்கத் தொடங்கும். பின் வேலை செய்யும் இடமோ 400க்கு மேல்.

5 மி.மீ. தகட்டுக்கான அளவுகள்: ஷாங்க் 20 மி.மீ., ஷோல்டர் விட்டம் 16 மி.மீ., பின்னின் அடி விட்டம் 5 மி.மீ., நுனி 4 மி.மீ., நீளம் 4.8 மி.மீ. ஷோல்டரின் முகத்தைத் தட்டையாக விடாமல் 6 முதல் 8 டிகிரி உட்குழிவாகக் கடையுங்கள். இளகிய உலோகம் வெளியே பிதுங்காமல் அந்தக் குழிக்குள் தங்கும். பின்னின் நீளத்தை ஷோல்டரின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், குழியின் அடியிலிருந்து அல்ல. பின் ஷோல்டரைச் சந்திக்கும் மூலையில் 0.5 மி.மீ. ரேடியஸ் கட்டாயம். கூர் மூலையாக விட்டால் பின் அங்கேதான் ஒடியும்.

பின்னில் மரை வேண்டும். எந்தப் பக்க மரை என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது ஸ்பிண்டில் கடிகாரச் சுற்றில் ஓடினால் இடது மரை போடுங்கள். அப்போதுதான் மரை உலோகத்தைக் கீழே தள்ளும். வலது மரை போட்டு அதே சுற்றில் ஓட்டினால், டிரில் பிட் சுருளை மேலே தூக்குவது போல உலோகத்தை மேலே இழுத்து அடியில் பொந்து விடும். இடது மரை போடச் சிரமம் என்றால் வலது மரை போட்டு ஸ்பிண்டிலை ரிவர்ஸில் ஓட்டுங்கள், பலன் ஒன்றுதான். கூடவே பின்னின் மேல் மூன்று சமதளங்கள் வெட்டினால் கலக்கல் இன்னும் நன்றாக இருக்கும்.

கடைந்த பிறகு வேக்யூம் ஹார்டனிங்குக்கு அனுப்புங்கள். ஹெச்13ஐச் சுமார் 1,020 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிர்வித்து, இரண்டு முறை டெம்பர் செய்து 50 முதல் 52 எச்.ஆர்.சி. (ராக்வெல் கடின அளவு) கேளுங்கள். அதற்கு மேல் கடினம் கேட்காதீர்கள், பின் நொறுங்கும். இப்படிச் செய்த டூல் 6000 வரிசை அலுமினியத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும்.

ஓடி முடித்த டூலில் அலுமினியம் அப்பிக்கொண்டிருக்கும். உளியால் சுரண்ட வேண்டாம். காஸ்டிக் சோடா கரைசலில் போட்டு வையுங்கள். அலுமினியம் கரையும், எஃகு அப்படியே இருக்கும். அப்போது வெளிவருவது ஹைட்ரஜன் என்பதால் திறந்த வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அவசியம்.

படி 4: விளிம்பு, அடிப்பலகை, கிளாம்ப்

முட்டும் விளிம்புகளை ஷியரிங்கில் வெட்டியபடியே வைக்கக் கூடாது. இரண்டையும் மில் செய்யுங்கள். முட்டவைத்த பிறகு ஃபீலர் கேஜில் 0.2 மி.மீ. இதழ் எந்த இடத்திலும் நுழையக் கூடாது. இந்த முறையில் ஃபில்லர் கிடையாது. இடைவெளியை நிரப்ப வேறு உலோகம் எங்கிருந்தும் வராது. தகடுகளின் தடிமன் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

மில்லிங் பட்டறையில் கூலன்ட் எண்ணெய் இல்லாத பொருள் இல்லை. அசிடோனில் துடைத்து, ஸ்டெயின்லெஸ் வயர் பிரஷ்ஷால் விளிம்பையும் மேல்பரப்பையும் தேய்த்து, அன்றைக்கே ஓட்டிவிடுங்கள். அனோடைஸ் செய்த செக்ஷன் என்றால், சேர்க்கைக் கோட்டின் இரு பக்கமும் ஷோல்டர் போகும் அகலத்துக்கு அந்தப் படலத்தை மில் செய்து எடுத்தாக வேண்டும்.

அடிப்பலகை 20 மி.மீ.க்குக் குறையாத எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட், கிரைண்டிங் செய்தது. இதை மெல்லியதாகப் போட்டால் சூட்டிலும் அழுத்தத்திலும் வளையும். வளைந்த இடத்தில் பின் தகட்டின் அடிவரை எட்டாது. அலுமினியப் பலகையை அடியில் வைத்தால் வேலையோடு சேர்ந்து அதுவும் ஒட்டிக்கொள்ளும்.

கிளாம்ப் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, தகட்டைக் கீழே அமுக்குவது. இன்னொன்று, பக்கவாட்டில் ஒன்றோடொன்று நெருக்குவது. இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பின் ஆப்பு போல உள்ளே போகும்போது தகடுகள் விலகப் பார்க்கும். ஒரு பக்கம் டி-ஸ்லாட்டில் அசையாத ஸ்டாப்பர், எதிர்ப் பக்கம் திருகால் தள்ளும் ஜாக் போல்ட் வையுங்கள். மேலே ஸ்டெப் கிளாம்புகளைத் தனித்தனியாகப் போடுவதைவிட, கோட்டுக்கு இணையாக நீளமான ஒரு பட்டையைப் போட்டு அதன் மேல் கிளாம்ப் இறுக்குவது நல்லது. ஷோல்டர் பட்டையில் இடிக்காமல் இருக்க இடம் விட்டுக்கொள்ளுங்கள்.

வேலைத் துண்டை இரண்டு முனையிலும் 25, 30 மி.மீ. நீளமாக விடுங்கள். தொடக்கத்தில் சூடு ஏறுவதற்குள் போகும் தூரம் நம்பத்தகுந்தது அல்ல. முடிவில் டூலை எடுக்கும்போது பின் அளவுக்கு ஒரு ஓட்டை கட்டாயம் நிற்கும். இரண்டையும் பிறகு வெட்டி எறிய வேண்டும்.

படி 5: ஹெட்டைச் சாய்ப்பது

டூல் போகும் திசைக்குப் பின்பக்கமாக 2 டிகிரி சாய வேண்டும். அதாவது ஷோல்டரின் பின்விளிம்பு தாழ்ந்தும் முன்விளிம்பு உயர்ந்தும் இருக்க வேண்டும். ஹெட்டில் இருக்கும் டிகிரிக் கோட்டை நம்பாதீர்கள். ஸ்பிண்டிலில் டயல் கேஜ் மாட்டி 100 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றிப் பாருங்கள். டேபிள் ஓடும் திசையில் இரு முனைகளுக்கும் வித்தியாசம் 3.5 மி.மீ. வந்தால் 2 டிகிரி.

சாய்த்ததால் ஏற்படும் கணக்கு ஒன்று உண்டு. 16 மி.மீ. ஷோல்டரை 2 டிகிரி சாய்த்தால் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 0.56 மி.மீ. உயர வித்தியாசம். பின்விளிம்பை 0.2 மி.மீ. தகட்டுக்குள் புதைத்தால் முன்விளிம்பு 0.36 மேலே நிற்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஷோல்டரின் மையம் தகட்டு மட்டத்துக்கு 0.08 மேலே. ஆகவே 4.8 மி.மீ. பின் 4.72 வரைதான் இறங்கும், அதன் நுனியின் பின்பக்க மூலை மட்டும் இன்னும் ஒரு 0.07 கூடுதலாக. கடைசியில் அடிப்பலகைக்கும் பின்னுக்கும் சுமார் 0.2 மி.மீ. மிஞ்சும். இந்த 0.2ஐக் கலக்கலின் அழுத்தமே ஒட்டவைத்துவிடும். 0.4, 0.5 மிஞ்சினால் அடியில் ஒட்டாத கோடு நிற்கும். வேறு தடிமனுக்கு டூல் செய்யும்போது இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

படி 6: ஓட்டுவது

தொடங்கும் இடத்தில் 4 மி.மீ. ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். முழு வேலையிலும் அழுத்தம் உச்சத்தைத் தொடுவது பின் முதலில் இறங்கும்போதுதான். ஓட்டை இருந்தால் மெஷினும் பின்னும் பிழைக்கும்.

ஸ்பிண்டில் 1,000 ஆர்.பி.எம். டேபிள் குறுக்கே நகராமல் சேடிலை லாக் செய்யுங்கள். டேபிளை மெதுவாக, நிமிடத்துக்கு 5 முதல் 10 மி.மீ. என்ற கணக்கில் ஏற்றுங்கள். ஷோல்டரின் பின்விளிம்பு தகட்டைத் தொட்டதும் சத்தம் மாறும், சுற்றிலும் மெல்லிய விளிம்பு பிதுங்கும். அங்கிருந்து 0.2 மி.மீ. ஏற்றி 'நீ'யை லாக் செய்யுங்கள். 10 முதல் 15 விநாடி அப்படியே சுற்றட்டும்.

பிறகு நிமிடத்துக்கு 30 மி.மீ. ஃபீட் கொடுங்கள். ஷோல்டருக்குப் பின்னால் அரைவட்ட வரிகள் சீராக வரத் தொடங்கியதும் 60க்கு மாற்றுங்கள். 1,000 ஆர்.பி.எம்.மில் 60 ஃபீட் என்றால் ஒரு சுற்றுக்கு 0.06 மி.மீ. நகர்வு. இந்த விகிதம்தான் சூட்டைத் தீர்மானிக்கிறது. சுற்றைக் கூட்டினாலோ ஃபீடைக் குறைத்தாலோ சூடு ஏறும். எதிராகச் செய்தால் குறையும். கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள்.

கூலன்ட் வேண்டாம். முடிவில் ஃபீடை நிறுத்தி, ஸ்பிண்டில் சுற்றும்போதே டேபிளை இறக்குங்கள். ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு இறக்கப் பார்த்தால் டூல் தகட்டோடு இறுகிக்கொள்ளும்.

ஆர்க் வெளிச்சம் இல்லை, புகை இல்லை என்பதால் அலட்சியம் வரும். அலுமினியம் 400 டிகிரியிலும் நிறம் மாறாது, தொட்டால்தான் தெரியும். அதே சமயம் கையுறை போட்ட கையைச் சுற்றும் ஸ்பிண்டில் பக்கம் கொண்டுபோகக் கூடாது, கழுத்தில் துண்டும் கூடாது. ஆறும்வரை அரை மணி நேரம் விடுங்கள்.

படி 7: மேல்பரப்பைப் படிப்பது

டூலின் பின்னால் நின்று அது போகும் திசையைப் பார்க்கிறீர்கள், ஸ்பிண்டில் மேலிருந்து கடிகாரச் சுற்று. இடது பக்கம் டூலின் சுற்றும் நகர்வும் ஒரே திசை. இது முன்னேறு பக்கம். வலது பக்கம் பின்னேறு பக்கம். கோளாறுகள் இந்த இரண்டு பக்கத்திலும் வெவ்வேறு விதமாக வரும்.

பின்னேறு பக்கம் ரிப்பன் போல அதிகம் பிதுங்கினால் சூடு அதிகம் அல்லது டூல் அதிகம் புதைந்திருக்கிறது. முன்னேறு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் தெரிந்தால் ஷோல்டர் போதுமான அளவு அமுங்கவில்லை. பரப்பு கிழிந்து சொரசொரவென்று இருந்தால் சூடு போதவில்லை, ஃபீடைக் குறையுங்கள். ஒரு முனை நன்றாகவும் மறுமுனை மோசமாகவும் இருந்தால் டூலைக் குறை சொல்ல வேண்டாம். அடிப்பலகை மட்டமாக இல்லை.

மேலே அழகாக இருப்பதை மட்டும் வைத்து வேலையைத் தேற்றிவிடாதீர்கள். இந்த முறையின் மோசமான இரண்டு கோளாறுகளும் மேலிருந்து தெரியாது. ஒன்று, முன்னேறு பக்கத்தில் உள்ளே நீளமாக ஓடும் பொந்து. இன்னொன்று, அடியில் தகடுகள் முட்டிக்கொண்டு மட்டும் நிற்பது, ஒட்டியிருக்காது. பின்னதை எக்ஸ்ரே கூடப் பெரும்பாலும் காட்டாது.

படி 8: வெட்டிப் பார்ப்பது, வளைத்துப் பார்ப்பது

முதல் தகட்டை நடுவில் குறுக்கே வெட்டுங்கள். எமரி ஷீட்டில் 220 தொடங்கி 1,000 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, 10 முதல் 20 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் சில நிமிடம் வைத்துக் கழுவுங்கள். கறுப்புப் படியும். நைட்ரிக் அமிலத்தில் ஒரு முக்கு முக்கினால் அது போய்விடும். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: நடுவில் வெங்காயம் அரிந்தது மாதிரி வளையங்கள் தெரிந்தால் கலக்கல் நடந்திருக்கிறது. பொந்து இருந்தால் ஊசிமுனை அளவாக இருந்தாலும் கண்ணில் படும்.

அடுத்து 20 மி.மீ. அகலத் துண்டு ஒன்றை வெட்டி, அடிப்பக்கம் வெளியே வருமாறு பெண்ட் செய்யுங்கள். அடி ஒட்டாமல் இருந்தால் கோடு போட்டாற்போல் பிளந்துவிடும். செலவே இல்லாத இந்தச் சோதனைக்கு நான் எல்லாவற்றையும்விட அதிக மதிப்பு கொடுப்பேன். புது செட்டிங் ஒவ்வொன்றுக்கும் செய்யுங்கள்.

டென்சைல் சோதனைக்கு, அதாவது இழுத்து அறுத்துப் பார்க்க, யு.டி.எம். என்ற மெஷின் வேண்டும். கோவையில் சிட்டார்க் சோதனைக் கூடத்திலோ, ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலோ கேட்டுப் பாருங்கள். 6061-டி6 தகட்டின் இழுவலிமை சுமார் 310 மெகாபாஸ்கல். வெல்டுக்குப் பிறகு 200 முதல் 240 வந்தால் நல்ல ஜாயின்ட். பயந்துவிடாதீர்கள், டி6 என்பதே வெப்பப் பதத்தால் வந்த வலிமை, எஃப்.எஸ்.டபிள்யூ.வின் சூடு பக்கத்து உலோகத்தின் அந்தப் பதத்தைக் கெடுக்கிறது. அதனால் துண்டு கோட்டின் நடுவில் அறாமல், கோட்டுக்குச் சற்று வெளியே அறும். நடுவில் அறுந்தால்தான் வேலை சரியில்லை. பதம் ஏற்றாத 5083-ஓ ரகத்தில் வலிமை ஏறக்குறைய முழுதாகவே நிற்கும்.

இழந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பெறலாம். வெல்டுக்குப் பின் 175 டிகிரியில் 8 மணி நேரம் ஏஜிங், அதாவது மிதமான சூட்டில் வைத்துப் பதம் ஏற்றுவது. காற்றைச் சுழற்றும் ஃபேன் உள்ள ஓவன் வேண்டும், இரும்புக்கான உலை இந்த வெப்பத்தில் சீராக நிற்காது. முன்கூட்டியே திட்டமிட முடிந்தால் தகட்டை, ஏஜிங் செய்யாத டி4 பதத்திலேயே வாங்கி, வெல்டு செய்த பிறகு டி6க்கு ஏஜ் செய்வது இன்னும் நல்ல பலன் தரும்.

மக்னீசியம் பற்றி

சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் மக்னசைட் வெட்டி எடுத்த வரலாறு நீளமானது. ஆனால் அது போனது உலைச் செங்கலுக்கு. மக்னீசிய உலோகத் தகடு நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஏ.இசட்.31 தகடு கிடைத்தால் அதே ஹெச்13 டூல் போதும், இதே ஆர்.பி.எம்.மில் தொடங்கலாம். ஆபத்து வெல்டிங்கில் அல்ல, விளிம்பை மில் செய்யும்போது விழும் மெல்லிய சுருளில். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது. காய்ந்த மணல் வாளியோ, உலோகத் தீக்கான டி வகைத் தீயணைப்பானோ பக்கத்தில் இல்லாமல் மக்னீசியத்தை டேபிளில் ஏற்றாதீர்கள். சுருளை அன்றன்றே மூடிய தகர டப்பாவில் அள்ளுங்கள், அலுமினியச் சுருளோடு கலக்க வேண்டாம்.

முதல் ஆர்டர் வரும்போது

டிராயிங்கைப் பார்த்ததும் நான்கு விஷயம் கேளுங்கள். அடியில் பலகை வைக்க இடம் இருக்கிறதா? உள்ளீடற்ற பெட்டி என்றால் அழுத்தத்தைத் தாங்க உள்ளே விலா இருக்கிறதா? முடிவு ஓட்டை எங்கே வரும், அங்கே கூடுதல் உலோகம் விட முடியுமா? கணக்கில் போட்டிருக்கும் வலிமை டி6 தகட்டுடையதா, வெல்டினுடையதா? கடைசிக் கேள்விக்குப் பல டிசைனர்களிடம் பதில் இருக்காது. அதை எழுத்தில் வாங்கிக்கொண்டே விலை சொல்லுங்கள். தரச்சான்று கேட்கும் வாடிக்கையாளர் என்றால் அலுமினியத்துக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 25239. சோதனைத் தகடு, பெண்ட் டெஸ்ட், மேக்ரோ வெட்டு, டென்சைல் எல்லாவற்றுக்கும் அதில் முறை இருக்கிறது. வெல்டு செய்த ஒவ்வொரு பேட்சுக்கும் ஆர்.பி.எம்., ஃபீட், சாய்வு, புதைவு ஆழம், எந்த டூல் என்று ஒரு நோட்டில் குறித்து, வெட்டிப் பார்த்த துண்டையும் நம்பர் போட்டு வைத்திருங்கள். டெலிவரியோடு அந்தத் துண்டையும் கொடுத்து அனுப்பலாம்.

மாதக்கணக்கில் ஓடும் புரொடக்ஷன் ஆர்டர் என்றால் மில்லிங் மெஷினில் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு அழுத்தத்தை அளந்து தானாகச் சரிசெய்துகொள்ளும் தனி எஃப்.எஸ்.டபிள்யூ. மெஷின் வேண்டும். தகட்டின் தடிமன் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது ஈடுகொடுக்கும், நம்முடையது ஈடுகொடுக்காது.